தின்ன ஆளில்லாத பழங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய விலங்குகள் அழிந்துபோனால், அவற்றை நம்பி விதை பரப்பிய மரங்களின் கதி என்ன? இந்தத் தலைப்பில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் வெண்ணெய்ப் பழ மரங்கள் நிறைய உண்டு. கொட்டை எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. எந்தப் பறவையும் அதை விழுங்கிப் பார்த்ததில்லை. தோட்டக்காரர் இல்லாத காலத்தில் இந்த மரம் எப்படிப் பரவியது? யாழ்ப்பாணத்து உறவினர் இதை ‘ஆனைக்கொய்யா’ என்கிறார். யானை தின்னுமா?
— ஒரு வாசகி, தாண்டிக்குடி

ஆனைநெருஞ்சில், ஆனைக்கற்றாழை என்பதுபோல இங்கேயும் ‘ஆனை’ என்பது பெரியது என்ற பொருளில் வந்ததுதான். ஆனால் உங்கள் கேள்விக்கான விடைக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயர் நிற்கிறது.

வெண்ணெய்ப் பழத்தின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இன்று யானை இல்லை. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்புவரை யானையின் உறவினமான கோம்போதீர்கள் அங்கே மேய்ந்தன. இன்று மரங்களில் மெல்ல ஊர்ந்து வாழும் ஸ்லாத் என்ற விலங்கின் உறவினமான, தரையில் நடமாடிய ராட்சத ஸ்லாத்துகளும் இருந்தன. அவற்றில் மெகாதீரியம் என்ற தென் அமெரிக்க இனம் சுமார் 4 டன் எடை. பனியுகம் முடியும் தறுவாயில் இவையெல்லாம் அழிந்தன. 44 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிப் பேரினங்களில் வட அமெரிக்கா சுமார் 70 சதவீதத்தையும் தென் அமெரிக்கா 80 சதவீதத்துக்கு மேலும் இழந்தன.

டேனியல் ஜான்சென் என்ற சூழலியலாளரும் பால் மார்ட்டின் என்ற தொல்லுயிர் ஆய்வாளரும் 1982இல் இதைப் பழங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். பழம் பெரிது, சதை கொழுப்போ இனிப்போ நிறைந்தது. பழுத்ததும் தானே கீழே விழுகிறது, ஆனால் தின்ன வருவார் இல்லாமல் மரத்தடியில் அழுகுகிறது. விருந்து தயாராக இருக்கிறது, விருந்தாளிதான் 10,000 ஆண்டுக்கு முன்பே போய்விட்டார் என்பது அவர்கள் கண்ட விளக்கம். அப்படிப்பட்ட மரங்களின் பட்டியல் ஒன்றையும் தந்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “ராட்சத ஸ்லாத் இல்லாவிட்டால் வெண்ணெய்ப் பழமே இல்லை” என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். இது பழத்தின் அமைப்பை வைத்துச் செய்த ஊகம்தான். நல்ல ஊகம், ஆனால் ஸ்லாத்தின் சாணத்துக்குள் வெண்ணெய்ப் பழக் கொட்டையைக் கண்டெடுத்த கதை அல்ல. இன்னொன்று: காட்டு மரத்தின் காய் சிறியது, சதை மெலிந்தது. கடையில் வாங்கும் பழத்தின் சதைப்பற்று மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தது. மெக்சிகோவின் தெவாகான் பள்ளத்தாக்குக் குகைகளில் பல ஆயிரம் ஆண்டுப் பழமையான கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. பெரிய விலங்குகள் போனபின் அந்தக் கொட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் மனிதருடையவை.

அந்தப் பட்டியலில் நம் ஊரில் இருக்கும் மரங்கள் ஏதாவது உண்டா?
— ஒரு வாசகர், மதுரை

தூங்குமூஞ்சி மரம் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. சாலையோரத்தில் நிழல் தரும் இந்த மரம் மத்திய அமெரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் வந்தது. அதன் கறுத்த நெற்றைப் பிசைந்து பாருங்கள், பிசுபிசுவென்று வெல்லப்பாகு போல ஒட்டும். மாடும் ஆடும் தேடித் தின்னும். விதை சாணத்தோடு வெளியேறி முளைக்கும். பிறந்த மண்ணில் பழைய துணையை இழந்த மரத்துக்கு, கடல் கடந்த ஊரில் நம் மாடு துணையாகிவிட்டது.

இன்னொன்று திருவோட்டு மரம். கோயில்களில் பார்த்திருப்பீர்கள், தண்டிலேயே ஒட்டிக்கொண்டு, பந்துபோல் வழவழப்பான காய். இதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தை ஜான்சென் கோஸ்டாரிகாவின் சாண்டா ரோசா காட்டில் ஆராய்ந்தார். ஓட்டை அங்கே உடைப்பது குதிரை. முன்பல்லால் நெரித்து, கறுத்த கூழை விதையோடு விழுங்கிவிடும், விதை சாணத்தில் முளைக்கும். உடையாத காய்க்குள் கூழ் புளித்து, விதை அங்கேயே செத்துப்போகும். குதிரையினம் பிறந்து வளர்ந்ததே அமெரிக்காவில்தான். அங்கே அது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. 1519இல் ஸ்பானியர் கப்பலில் மெக்சிகோவுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, தனக்காகக் காத்திருந்த பழத்திடமே அது திரும்பி வந்தது.

திருவோட்டு மரத்தை வளர்க்க நினைப்பவர்கள், காயைக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருந்து பிறகு விதை எடுக்கக் கூடாது. பழுத்து விழுந்ததும் உடைத்து, கூழை நன்றாகக் கழுவி, அன்றே விதையுங்கள். கொம்பு நட்டாலும் வேர் பிடிக்கும்.

இங்கே டல்லாஸில் செப்டம்பர், அக்டோபரில் ஒரு மரத்தடியில் மூளைபோல் மடிப்பு மடிப்பாகப் பச்சைப் பந்துகள் கொட்டிக் கிடக்கின்றன. உடைத்தால் பலாப்பால் மாதிரி ஒட்டுகிறது. எதுவும் தின்பதில்லை. இது என்ன?
— ஒரு வாசகர், டெக்சஸ்

பலாப்பால் என்று நீங்கள் சொன்னது சரியான கணிப்பு. இது பலாவின் குடும்பமேதான். பெயர் ஓசேஜ் ஆரஞ்சு. ஆரஞ்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் இதன் கட்டையில் வில் செய்தார்கள்.

பழம் 8 முதல் 15 செ.மீ. குறுக்களவு. ஐரோப்பியர் வந்தபோது இந்த மரம் டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா எல்லையில் ரெட் ஆற்றுப் படுகையை ஒட்டிய ஒரு சிறு வட்டாரத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. பனியுகத்தின் இடைவெளிக் காலங்களில் அது கனடாவரை பரவியிருந்ததற்குத் தொல்லெச்சங்கள் உண்டு. தூக்கிச் செல்ல ஆளில்லாத மரம் ஆற்றங்கரையில் ஒதுங்கும் என்பது பொதுவாகக் காணும் விஷயம். பழம் மிதக்கும், வெள்ளம் கொஞ்ச தூரம் கொண்டுபோகும். ஆனால் வெள்ளம் கீழ்நோக்கி மட்டுமே போகும், மேட்டுக்கு ஏற்றாது. அதனால்தான் படுகைக்குள்ளேயே அடைபட்டது.

பிறகு அதைக் காப்பாற்றியது அதன் முள். 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைக்கும்வரை அமெரிக்க விவசாயிகளுக்கு வேலி கிடைப்பது பெரும்பாடு. கிளுவை வேலிபோல இந்த மரத்தை நெருக்கி நட்டு, வெட்டி வெட்டிப் புதராக்கினார்கள். இன்று அது பெரும்பாலான மாநிலங்களில் நிற்பது அந்த நடவால். பழத்தைக் கிழித்து அணில் விதையைத் தின்னும். பெரும்பாலும் அது விதையைக் கொல்வதுதான்.

யானை போனால் என்ன, எலியும் அணிலும் விதையைப் புதைத்து வைக்கின்றனவே. அது போதாதா?
— கல்லூரி மாணவர், சென்னை

சில இடங்களில் ஓரளவு போதும். இதற்கு மிக அழகான சான்று பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலிருந்து வந்தது. அங்கே ஒரு முள் பனைமரத்தின் விதைகளில் சிறு ரேடியோ கருவியைக் கட்டி, அகூட்டி என்ற முயலளவுக் கொறிவிலங்கு அவற்றை எங்கே கொண்டுபோகிறது என்று பின்தொடர்ந்தார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. அகூட்டி புதைக்கும், இன்னொரு அகூட்டி வந்து திருடும், வேறிடத்தில் புதைக்கும், அதையும் இன்னொன்று திருடும். ஒரு விதை 36 முறை இடம் மாறி, மொத்தம் 749 மீட்டர் பயணம் செய்து, புறப்பட்ட இடத்திலிருந்து 280 மீட்டர் தள்ளிப் போய்ச் சேர்ந்தது. 209 நாள் கழித்து ஒரு அகூட்டி அதைத் தோண்டித் தின்றுவிட்டது! ஆனாலும் விதைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு 100 மீட்டரைத் தாண்டியது. திருட்டு இல்லாவிட்டால் அந்தத் தூரம் கிடைத்திராது.

ஆக, கொறிவிலங்கு மாற்றாள்தான். ஆனால் கூலி அதிகம். தூக்கியவற்றில் பெரும்பங்கைத் தின்றுவிடும். தூரமும் வேறு கணக்கு. ஆசிய யானை விழுங்கிய விதை சராசரியாக 1 முதல் 2 கி.மீ. வரை போகிறது. ஆப்பிரிக்கக் காட்டு யானை 57 கி.மீ. வரைகூடக் கொண்டுபோகும் என்று காங்கோவில் கணக்கிட்டிருக்கிறார்கள். காட்டின் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குச் செல்ல 280 மீட்டர் போதாது. அகூட்டி நம் காட்டில் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். நம் முள்ளம்பன்றி விதையைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கொறித்து முடித்துவிடும்.

டோடோ பறவை அழிந்ததால் மொரீசியஸில் ஒரு மரம் முளைப்பதையே நிறுத்திவிட்டது என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். இது சரிதானா?
— ஓர் ஆசிரியை, புதுச்சேரி

அப்படியே சொல்லித் தர வேண்டாம். அந்தக் கதை 1977இல் ஸ்டான்லி டெம்பிள் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. தம்பலகோக் என்ற மரத்தில் 13 மட்டுமே மிஞ்சியுள்ளன, எல்லாம் 300 வயதுக்கு மேல், டோடோவின் இரைப்பையில் அரைபட்டால்தான் கொட்டை முளைக்கும் என்றார். 17 கொட்டைகளை வான்கோழிக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினார். 7 நொறுங்கின, மிஞ்சிய 10இல் 3 முளைத்தன.

குறை எங்கே? வான்கோழிக்கு ஊட்டாத கொட்டைகளையும் பக்கத்திலேயே விதைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. டெம்பிளுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1941இல், எந்த உரசலும் இல்லாமல் அந்தக் கொட்டை முளைத்தது பதிவாகியிருக்கிறது. ஓட்டில் ஒரு வெடிப்புக் கோடு உண்டு. முளை தள்ளும்போது ஓடு அந்தக் கோட்டில் மூடிபோலத் திறந்துகொள்ளும். பிறகு தேடியவர்கள் 13ஐவிட எத்தனையோ அதிக மரங்களைக் கண்டார்கள், அவற்றில் 300 வயதுக்குக் குறைந்தவையும் உண்டு. மரத்தை உண்மையில் அழித்துக்கொண்டிருப்பவை காடழிப்பும், மனிதர் கொண்டுவந்த குரங்கும் பன்றியும், புதராக மண்டும் வெளிநாட்டுக் கொய்யா வகையும்தான். டோடோவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். அதேபோல் அழிந்துபோன ராட்சத ஆமைகளுக்கும் பெரிய கிளிக்கும் இருந்திருக்கலாம்.

மாணவர்களுக்கு இன்னொரு தகவல்: தம்பலகோக் நம் இலுப்பை, சப்போட்டாவின் குடும்பம். வழவழப்பான கெட்டி ஓட்டுக் கொட்டை அந்தக் குடும்பத்தின் அடையாளம்.

மொரீசியஸிலேயே இதைவிட உறுதியான பாடம் ஒன்று இருக்கிறது. மகேபூருக்கு எதிரே இல் ஒ செக்ரெத் என்று சுமார் 26 ஹெக்டேரில் ஒரு குட்டித் தீவு. அங்கே கருங்காலியின் உறவான ஒரு மரம் விறகுக்காக வெட்டப்பட்டு அருகிவிட்டது. பழங்கள் தாய்மரத்தடியிலேயே குவிந்தன. மொரீசியஸின் சொந்த ராட்சத ஆமைகள் அழிந்து பல காலம் ஆகிவிட்டதால், 2000இல் தொடங்கி சீஷெல்ஸின் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பழத்தைத் தின்றன. விதை ஆமையின் குடலில் வாரக்கணக்கில் இருந்து, மரம் வெட்டப்பட்ட வெற்றிடங்களில் போய் விழுந்து முளைத்தது. குடல் வழியே வந்த விதை கூடுதலாக முளைத்தது என்றும் 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இங்கே ஊட்டாத விதையோடு ஒப்பிட்டார்கள்.

நாற்றங்கால் வைத்திருக்கிறேன். கொன்றை, தூங்குமூஞ்சி விதைகள் நூறு போட்டால் பத்து வருகிறது. விலங்கு வயிற்றுக்குள் போனால்தான் முளைக்குமா? அப்படியானால் நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், பழனி

வயிறு கட்டாயம் இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் நிறைய விதை வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற நெற்று மரங்களின் விதைத்தோல் தண்ணீர் புகாதது. அந்த கெட்டித்தன்மை குடலுக்குள் உயிர் பிழைப்பதற்காக. விலங்கின் குடலிலேயே ஊறிப் பெருத்துவிட்ட விதை பெரும்பாலும் செரித்துச் செத்துவிடும். வெளியே உயிரோடு வருவது ஊறாமல் கல்லாகவே இருந்த விதை. சாணத்திலும் மண்ணிலும் கிடந்து, வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டு, மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக அது இளகும். விலங்கு செய்த பெரிய உதவி தூக்கிச் சென்றது. அடுத்தது சதையை நீக்கியது. வண்டு துளைப்பதற்கு முன் நெற்றை விழுங்கியது மூன்றாவது. தோலை உரசியது கடைசி. நாற்றங்காலில் இந்த வேலைகளை நீங்களே செய்யலாம்.

முதலில் 20 விதையை எடுத்து 24 மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். சிறு துளை இருக்கும் விதை வண்டு தின்றது, அதை முன்பே ஒதுக்குங்கள். பெருக்காமல் கல்லாகவே கிடந்தால் தோல் கெட்டி என்று பொருள். பிறகு இரண்டு வழிகள்.

வெந்நீர் முறை: விதையின் கன அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கியதும் விதைமேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஒரு நாள் வையுங்கள். பெருத்தவற்றை உடனே விதையுங்கள், பெருக்காதவற்றுக்கு மறுபடி ஊற்றுங்கள். விதையைப் போட்டு அடுப்பில் கொதிக்கவிட்டால் கரு வெந்துவிடும். மூன்று நாள் ஊறப்போட்டால் காற்றில்லாமல் அழுகும். பெருத்த விதையை நிழலில் காயவைத்து ‘நாளைக்குப் போடலாம்’ என்று வைத்தால் அதோடு முடிந்தது. புதிய தொகுதி விதை என்றால் முழுவதையும் ஒரே தடவை வெந்நீரில் போடாமல் கொஞ்சத்தில் சோதித்துப் பாருங்கள்.

நறுக்கும் முறை: கொன்றைக்கு வெந்நீர் பல சமயம் கைகொடுக்காது, இதுதான் நம்பகம். விதை நெற்றில் ஒட்டியிருந்த இடத்தில் சிறு தழும்பு இருக்கும். முளைவேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அங்கே தொடாதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் ஒரு சிறு கொத்து, அல்லது உப்புத்தாளில் நாலைந்து தேய்ப்பு. உள்ளே வெளிறிய நிறம் தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு இரவு ஊறவைத்தால் விதை இரண்டு மடங்காகும். விதையின் கனத்தைப் போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு ஆழத்தில் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுஉரம் 1 என்ற கலவை போதும். சாணிப்பாலில் ஊறவைப்பது பழக்கம்தான், ஆனால் கல்தோலை அது இளக்காது.

இதே வைத்தியத்தை வெண்ணெய்ப் பழம், இலுப்பை, நாவல், பலா, மாங்கொட்டைக்குச் செய்துவிடாதீர்கள். இவை காய்ந்தால் சாகும் விதைகள். கொட்டை பெரிதாக இருப்பதாலேயே தோல் கெட்டி என்று ஆகாது. சதையைக் கழுவி, ஒரு வாரத்துக்குள் போட வேண்டும். வெண்ணெய்ப் பழக் கொட்டையின் அகன்ற அடிப்பக்கம் கீழே இருக்கட்டும், நுனி மண்ணுக்கு மேல் லேசாகத் தெரியட்டும். முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

சீமைக்கருவேலத்தை வெட்டி வெட்டி ஓய்ந்துவிட்டோம். ஆடு மாடு நெற்றைத் தின்பதால்தான் பரவுகிறது என்கிறார்கள். நெற்று நல்ல தீவனம், அதை விடவும் மனமில்லை.
— ஒரு விவசாயி, இராமநாதபுரம் மாவட்டம்

நீங்கள் கேட்டது இந்தத் தலைப்பின் மறுபக்கம். சீமைக்கருவேலமும் அமெரிக்காவிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. இனிப்பு நெற்று, கல்லான விதை: பெரிய மேய்ச்சல் விலங்கைக் குறிவைத்த பழத்தின் அடையாளங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அதை இங்கே கொண்டுவந்தவர்கள் விலங்கை உடன் கொண்டுவரத் தேவைப்படவில்லை. நம் கொட்டில்களில் தயாராக இருந்தது.

நெற்றைத் தீவனமாக்கலாம், விதையை நொறுக்கிய பிறகு. விழுந்த நெற்றைப் பொறுக்கி, வளைத்தால் படக்கென்று ஒடியும்வரை வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் சர்க்கரை இளகி அரவை இயந்திரம் அடைத்துக்கொள்ளும். விதையைச் சுற்றி இன்னொரு கெட்டி உறை இருப்பதால் சாதாரண மாவரவையில் முழு விதை தப்பிவிடும். சுத்தி வகை அரவையில் அரைத்து, சல்லடையில் சலித்து, மேலே தங்கும் முழு விதையை மறுபடி அரையுங்கள். அடர்தீவனத்தில் இந்த மாவு 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. மாதக்கணக்கில் நெற்றையே முக்கியத் தீவனமாக்கினால் தாடைத் தசை பாதித்து மாடு அசைபோட முடியாமல் போகும்.

மந்தை ஏற்கனவே முழு நெற்றைத் தின்றிருந்தால், சுத்தமான நிலத்துக்கு ஓட்டுவதற்கு முன் 7 நாள் பட்டியில் அடைத்து வேறு தீவனம் கொடுங்கள். பெரும்பாலான விதை அதற்குள் வெளியேறிவிடும். ஆடு நன்றாக மென்றுவிடுவதால் மாட்டைவிடக் குறைவான விதையை உயிரோடு விடும், ஆனால் விடவே விடாது என்றில்லை. இந்தப் பட்டிச் சாணத்தை நேரே வயலில் போட்டால் வேலை வீண். 1 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் குவித்து, ஈரமாக வைத்து, உட்புறம் 55–60 டிகிரி சூடு ஏறியபின் மூன்று நான்கு முறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். குவியலின் ஓரத்தில் காய்ந்து கிடந்த விதைதான் தப்பிக்கும், அதனால் ஈரமும் புரட்டலும் சூட்டைப் போலவே முக்கியம். அப்படியும் மண்ணில் பழைய விதை பல ஆண்டு கிடக்கும். மழைக்குப் பின் ஒரு சாண் உயரத்தில் இருக்கும் கன்றை வேரோடு பிடுங்குவதை வருடம் தவறாமல் செய்தாக வேண்டும்.

‘யானை உண்ட விளாங்கனி’ என்கிறோமே, யானை விளாம்பழத்தை முழுசாக விழுங்கி, ஓடு உடையாமல் உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிடுமா? எங்கள் பக்கம் யானையும் விளாமரமும் உண்டு. யானை போனால் விளா போய்விடுமா?
— ஒரு வாசகர், வவுனியா

யானை அப்படி மந்திரம் எதுவும் செய்வதில்லை. கடைவாய்ப் பற்களுக்கிடையில் நெரித்துத்தான் விழுங்குகிறது. இலத்தியைக் கிளறினால் ஓட்டுச் சில்லும் விதையும் கிடக்கும். பழமொழியில் வரும் யானை, விளாங்காய்க்கு வரும் ஒரு நோயின் பெயர் என்று பழைய அகராதிகள் பொருள் சொல்கின்றன. மேலே ஓடு முழுசாக, உள்ளே ஒன்றுமில்லாமல் போகும் நோய். பழமொழிக்கு அந்தப் பொருள் அப்படியே பொருந்துகிறது.

யானை போனால் விளா உடனே அழியாது. கரடியும் குரங்கும் தின்னும், மனிதர்களாகிய நாமும் தின்கிறோம். ஓடு வெடித்த பழத்தை மற்ற விலங்குகளும் நோண்டும்.

இதைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வு மேற்கு வங்கத்தின் பக்ஸா புலிகள் காப்பகத்தில் நடந்தது. நிதின் சேகரும் ராமன் சுகுமாரும் அங்கே ஒரு மரத்தைப் பார்த்தார்கள். வங்காளத்தில் சால்தா, அசாமில் ஔதெங்கா. புளிப்பான, கெட்டியான பெரிய காய். விழுந்த புதிதில் யானை போன்ற பெரிய வாய்க்குத்தான் அது இளகும். யானை வராமல் கிடந்தால் வாரங்கள் போகப் போகப் பழம் தானே மெத்தென்று ஆகிறது. ஆக ஆகச் சிறிய விலங்குகளும் விதையை எட்டிப் பிடிக்கின்றன. பெரிய ஆள் வராவிட்டால் சின்ன ஆளுக்குக் கதவு திறக்கும் ஏற்பாடு. 2013இல் வெளியான இந்த முடிவு, யானையோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணத்தைத் திருத்தியது. ஆனால் அதே காட்டில் தொடர்ந்து பார்த்தபோது, மாடும் எருமையும் யானையின் இடத்தை ஓரளவுதான் நிரப்பின. காரணம் நமக்குத் தெரிந்ததே: மாடு அசைபோடும்போது பெரிய கொட்டையைத் துப்பிவிடும், பொழுது சாய்ந்தால் கொட்டிலுக்குத் திரும்பிவிடும். விதை போய்ச் சேருமிடம் குப்பைக்குழி.

காண்டாமிருகத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. நேபாளத்தின் சித்வனில் அது ஆற்றுப்பூவரசின் பழத்தைத் தின்று, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சாணமிடும். அந்த மேடுகள் வெட்டவெளிப் புல்வெளியில் இருக்கும். நிழலில் தேறாத அந்தக் கன்றுக்கு வெயிலும் எருவும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். சங்கப் பாடல்களின் காஞ்சி மரம் இதுதான் என்று தாவரவியலார் பலர் கருதுகிறார்கள்.

காட்டுப் பூசணி கசக்கும் என்கிறார்கள். கசந்தால் யார் பரப்பியது?
— ஒரு வாசகி, ஈரோடு

பூசணி, பரங்கியின் அமெரிக்கக் காட்டு வகைகள் கடும் கசப்பு. சிறிய விலங்குகளுக்குக் கசப்பை உணரும் மரபணுக்கள் அதிகம். விஷமும் சீக்கிரம் ஏறும். பேருடலுக்கு அந்த அளவு ஒரு பொருட்டல்ல. புளோரிடாவில் ஆற்றடியில் கிடைத்த, மாஸ்டடான் என்ற அழிந்துபோன யானை உறவினத்தின் சாண எச்சத்தில் காட்டுப் பூசணி விதை இருந்தது. மாஸ்டடான் போனபின் காட்டு வகைகள் பல சுருங்கின, கசப்பு நீங்கியவற்றை மனிதர் வளர்த்தார்கள். நம் சாம்பாரில் மிதக்கும் பரங்கித் துண்டு அந்த வழியில் வந்தது.

விதை பெரிதாக இருப்பதுதான் சிக்கல் என்றால், மரம் சின்ன விதைக்கு மாறிக்கொள்ளாதா?
— ஒரு வாசகர், சேலம்

மாறும், விலை கொடுத்து. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் ஜூசாரா என்ற பனையை 22 இடங்களில் அளந்தார்கள். டூக்கான் போன்ற பெரிய வாய்ப் பறவைகள் வேட்டையாலும் காடழிப்பாலும் மறைந்த துண்டுக் காடுகளில் விதைகள் சிறுத்திருந்தன. 12 மி.மீ.க்கு மேற்பட்ட விதையை மிஞ்சியிருந்த சிறு பறவைகளால் விழுங்க முடியவில்லை. 2013இல் வெளியான கணக்கின்படி இந்த மாற்றத்துக்கு 100 ஆண்டே போதும். சிறிய விதை சீக்கிரம் காய்ந்துவிடும், அதன் கன்று பலவீனம். மழை பொய்க்கும் ஆண்டில் முதலில் சாவது அதுதான்.

எங்கள் பகுதியில் ஒரு மரம் விதை பரப்ப ஆளில்லாமல் தவிக்கிறதா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?
— இயற்கை மன்ற மாணவர்கள், கோவை

உண்டு, ஒரு பழப் பருவம் போதும். காப்புக்காடு என்றால் முதலில் வனத்துறையின் எழுத்து அனுமதி வாங்குங்கள்.

ஒரே இனத்தில் காய்த்த மரங்கள் 5 தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் 0–5, 5–10, 10–20, 20–40 மீட்டர் வளையங்களில் கன்றுகளை எண்ணுங்கள். இந்த ஆண்டு முளைத்தது வேறு, முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்தது வேறு என்று இரு பட்டியல் வேண்டும். வெளி வளையத்தின் பரப்பு பெரிது, எண்ணிக்கையைச் சதுர மீட்டருக்கு வகுத்தால்தான் ஒப்பிட முடியும். இதை மறந்துவிட்டுத் தவறான முடிவுக்கு வருபவர்கள் நிறைய. மரத்தடியில் முளை நெருக்கமாக இருந்து, முழங்கால் உயரக் கன்று எங்குமே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, மரத்தடியில் 20 பழம், 40 மீட்டர் தள்ளி 20 பழம் வைத்து, 14 நாள் தினமும் பாருங்கள். கையுறை போடுங்கள்; மனித வாடை பட்டால் கொறிவிலங்கு ஒதுங்கும். தானியங்கிக் கேமரா இருந்தால் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். முன்னால் புல் ஆடினால் நினைவட்டை முழுக்கப் புல்லாகவே நிரம்பிவிடும், அதனால் புல்லை வெட்டிவிடுங்கள். பெரிய கொட்டை என்றால் ஓரத்தில் 1 மி.மீ. துளையிட்டு, அரை மீட்டர் மீன்பிடி நரம்பு கட்டி, நுனியில் பளிச்சென்ற நிற நாடாவை ஒட்டுங்கள். விதை புதைக்கப்பட்டாலும் நாடா மண்ணுக்கு மேல் தெரியும். துளை கருவில் பட்டுவிடாமல் இருக்க, முதலில் ஒரு கொட்டையைப் பிளந்து கரு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாடா மட்டும் கிடந்து கொட்டை இல்லையென்றால் நரம்பின் நுனியைக் கவனியுங்கள். கடித்த தடம் இருந்தால் அந்தக் கொட்டையின் போக்கு தெரியாது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 40 கொட்டையாவது கட்டினால்தான் எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கும்.

கடைசியாக அந்த ஊரில் ஆடு மாடு மேய்க்கும் முதியவர்களிடம் கேளுங்கள்: முன்பு இந்தப் பழத்தை எது தின்றது, எந்த ஆண்டுக்குப் பிறகு அந்த விலங்கைப் பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதைத் தனித்தனியாக இருவரிடமாவது உறுதி செய்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.